மறு: ஹாப்பு தூக்கலான பீரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் ஒரு பீரைத் திறந்து, நிதானமாகச் சுவைத்து, நாலு வரி குறிப்பு எழுத உட்கார்ந்தால் தமிழில் சொல் கிடைக்காமல் கை நின்றுபோகிறது என்று தொடங்கிய இழை இது. இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ஹாப்பு என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ. அது மேலோங்கி நிற்கும் பீரை ஆங்கிலக்காரர்கள் ‘ஹாப்பி’ (hoppy) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் என்பதால் நாமும் ஒரே சொல்லைத் தேடுகிறோம். சிக்கலே அங்கேதான். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று நாக்குக்கு, இன்னொன்று மூக்குக்கு.

> ‘கசப்புப் பீர்’ என்றே சொல்லிவிட்டால் என்ன?

பாதிதான் சரியாகும். ஹாப்புக் கொடியின் பெண் பூங்கூம்புகளைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே லுபுலின் என்ற மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதில் பிசினும் உண்டு, எண்ணெயும் உண்டு. பிசினில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் எளிதில் கரையாது, அந்த நிலையில் பெரிதாகக் கசக்கவும் கசக்காது. முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றோடு ஒரு மணி நேரம் போலக் கொதித்தால்தான் அதன் மூலக்கூறு வடிவம் மாறி, ஐசோ ஆல்ஃபா அமிலமாகிறது. நாம் உணரும் கசப்பு பெரும்பாலும் இதனுடையது. பீரின் நுரை குலையாமல் நிற்பதற்கும், கெடுக்க வரும் சில பாக்டீரியாக்கள் தலையெடுக்காமல் இருப்பதற்கும் இதுவே உதவுகிறது.

எண்ணெயின் குணம் நேர் எதிர். மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் நெடுநேரக் கொதிப்பைத் தாங்காது, ஆவியோடு போய்விடும். ஆகவே கசப்பு வேண்டுமென்றால் ஹாப்பை முதலிலேயே போடுகிறார்கள். மணம் வேண்டுமென்றால் அடுப்பை அணைக்கும் நேரத்திலோ, நொதித்து முடிந்து ஆறிய பீரிலோ போடுகிறார்கள். கலங்கலாக, பழச்சாறு போல வரும் இன்றைய பீர்களில் ஹாப்பை அள்ளிக் கொட்டியிருப்பார்கள், ஆனால் கசப்பு அடக்கமாகத்தான் இருக்கும். அதைக் ‘கசப்புப் பீர்’ என்று எழுதினால் வாசிப்பவர் வேறு எதையோ எதிர்பார்த்துக் குடிப்பார்.

> கிரந்தம் தவிர்த்து ‘ஆப்பு’ என்று எழுதலாம்.

இதை எழுதிய ஐயா சிரிக்காமல்தான் எழுதினார் என்று நம்புகிறேன். ‘இந்த ஆலையில் தாராளமாக ஆப்பு வைக்கிறார்கள்’ என்று ஒரு சுவைக்குறிப்பு வந்தால் அந்த ஆலைப் பக்கம் யார் போவார்கள்? எனக்கும் கிரந்தத்தின் மேல் காதல் கிடையாது. ஆனால் இங்கே ஹகரத்தை விட்டால் மானம் போகும். ‘கொடிக்கசப்பி’ என்ற ஆக்கமும் எனக்கு ஒப்பவில்லை. மறுபடியும் கசப்பிலேயே கட்டிப்போடுகிறது. இது குளிர்ந்த நாடுகளின் கொடி. தமிழில் இதற்குப் பழம்பெயர் இல்லை, காபியை வாங்கிக்கொண்ட மாதிரி இதையும் பெயரோடு வாங்கிக்கொள்ளலாம். ‘ஹாப்பு’ என்று உகரம் சேர்த்துவிட்டால் ஹாப்பை, ஹாப்பில், ஹாப்புக் கூம்பு என்று வேற்றுமையும் புணர்ச்சியும் தாமாக வந்துவிடும். காஸ்கேட், சாட்ஸ் போன்ற ஹாப்பு வகைகளின் பெயர்களில் கை வைக்க வேண்டாம்.

சரி, ‘ஹாப்பி’க்கு என்ன? சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் சொல் ஒன்று போதும் என்பது என் கட்சி: தூக்கல். ‘உப்பு தூக்கலாக இருக்கிறது’, ‘காரம் கொஞ்சம் தூக்கலாகப் போடு’ என்கிறோமே, அதே தூக்கல். பல பொருள்கள் சேர்ந்த ஒன்றில் ஏதோ ஒன்று மற்றவற்றை மீறித் தலைகாட்டுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ‘ஹாப்பார்ந்த’, ‘ஹாப்புச்செறி’ எல்லாம் பாடநூலுக்கு அழகு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். பொதுவாக ‘ஹாப்பு தூக்கல்’ என்போம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கசப்பு தூக்கல்’, ‘மணம் தூக்கல்’ என்று இரண்டாக்கிவிடலாம். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்தான், நமக்கு மூன்று. தூக்கல் என்றால் குறை சொல்வது போல இல்லையா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். உப்பில் அப்படித்தான். ஆனால் ‘நெய் தூக்கலாக’ என்று யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மூக்கை முன்னால் நிறுத்தும் பீர்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. காஸ்கேட் என்ற வகை 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பம்ப்ளிமாஸ் இனத்துப் பழவாசம் அதற்கு. 1980-இல் சியர்ரா நெவாடா என்ற அமெரிக்க ஆலை தன் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பீரை அதை வைத்துத்தான் காய்ச்சத் தொடங்கியது. அதன் பிறகு வந்த வகைகளில் மாம்பழம், அன்னாசி, பைன் பிசின் என்று வாசங்கள் பெருகிவிட்டன. கஞ்சாவும் ஹாப்பும் ஒரே தாவரக் குடும்பம், அந்த உறவு சில பீர்களில் மூக்குக்கு நன்றாகவே தெரியும். அதற்கு ‘பிசின்வாசம்’ என்று நாகரிகமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

கசப்பை எண்ணால் சொல்ல ‘பன்னாட்டுக் கசப்பு அலகு’ இருக்கிறது. ஓர் அலகு என்றால் ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம். மென்மையான லாகர் வகைப் பீரில் இது 10-ஐ ஒட்டியிருக்கும், ஹாப்பு மிகுந்த இந்தியா பேல் ஏல் வகையில் 40, 60 என்று ஏறும். ஆனால் மால்ட்டின், அதாவது முளைகட்டிய வாற்கோதுமையின், இனிப்பு கூடினால் அதே 60 சாதுவாகத் தெரியும் என்பதால், குறிப்பில் இந்த எண்ணை மட்டும் எழுதி நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. இன்னொன்று: ஹாப்பின் இலைப்பகுதி அதிகமாகச் சேர்ந்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் உணர்வு வரும். அது துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் அதைக் கசப்போடு குழப்பக் கூடாது.

ஆறிய பீரில் ஹாப்பைச் சில நாள் ஊறவிடும் முறைக்கு ‘உலர் ஹாப்பிடல்’ என்று வந்திருக்கிறது. அங்கே எதுவும் உலரவில்லை, முழுக்க நனைந்துதான் கிடக்கிறது. வெறும் ‘ஊறல்’ என்றால் போலீஸ் வந்து கொட்டிக் கவிழ்க்கும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். ‘தண்ணூறல்’ எப்படி? குளிர்ந்த ஊறல். சொல்லும் சின்னது, கொதிக்கவில்லை என்ற செய்தியும் உள்ளே இருக்கிறது.

வெளிச்சம் பட்டுக் கெட்ட பீரின் நாற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்கங்க் என்ற விலங்கை இழுக்கிறார்கள். நம் வாசகர்களில் அதை மோந்து பார்த்தவர் எத்தனை பேர்? ‘ஒளிவாடை’ என்று காரணத்தையே பெயராக்கிவிடலாம். ஒளி பட்டதும், பீரிலுள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினின் துணையோடு ஐசோ ஆல்ஃபா அமிலம் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. நிறமற்ற புட்டியென்றால் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புப் புட்டியும் தகரக் குவளையும் அதனால்தான்.

> பீருக்கே ‘தோப்பி’ என்ற சங்கச் சொல் இருக்கிறதே.

இருக்கிறது. நெல்லிலிருந்து ஆக்கிய கள்ளுக்கான பெயர், தானியத்தில் நொதித்தது என்ற வகையில் பொருத்தமும் உண்டு. ‘ஹாப்பித் தோப்பி’ என்று எதுகைகூட அமைகிறது! ஆனாலும் நெல்லுக்கு உரியதை நெல்லுக்கே விட்டுவைப்போம், பீர் பீராகவே இருக்கட்டும். எனக்கு அதைவிட உதவியாகப் படுவது தேறல் என்ற சொல். தெளிந்தது என்பதுதான் அதன் அடிப்படை. வடிகட்டித் தெளிந்த பீரைத் ‘தேறல்’ என்றும், மேகம் போல் மங்கியதைக் ‘கலங்கல்’ என்றும் தோற்றத்தைக் குறிக்கலாம். கோப்பையின் பக்கத்தில் வளையம் வளையமாகப் படியும் நுரைக்கு ‘நுரைத்தடம்’.

ஆங்கிலத்தின் ‘கிராஃப்ட் பீர்’, அதாவது சிறிய ஆலைகள் காய்ச்சும் பீர், என்பதற்கு வந்த ‘கைவினை பீர்’ பற்றி மட்டும் இன்னும் மனம் ஒட்டவில்லை. பானை வனைவது போல ஒலிக்கிறது. ‘சிற்றாலைப் பீர்’ என்பேன். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்க மதுவாலையினர் சங்கத்தின் வரையறைப்படி ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய், அதாவது சுமார் 70 கோடி லிட்டர் வரை ‘சிறிய’ ஆலைதான். சிறுமை அவரவர் அளவுகோல். ‘வடிசாலை’ மட்டும் வேண்டவே வேண்டாம், பீரை யாரும் வாலையில் வடிப்பதில்லை.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

“சிற்றாலைப் பீர். இளமஞ்சள், நல்ல கலங்கல். தண்ணூறல் தாராளம்: ஊற்றும்போதே மாம்பழமும் பம்ப்ளிமாஸ் தோலும், பின்னால் லேசான பிசின்வாசம். மணம் தூக்கல், கசப்பு அடக்கம். விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சு விட்டால் பழம் மறுபடி எட்டிப்பார்க்கிறது. கடைசி மடக்கில் துவர்ப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் மணம் மூடிக் கிடந்தது, 10 பாகை பக்கம் வந்ததும் திறந்தது. நுரைத்தடம் அடிவரை. ஒளிவாடை இல்லை.”

இதில் எனக்குத் திருப்தி இல்லாத இடம் ‘விழுங்கியபின் மூக்கு வழியாக’ என்பதுதான். ‘பின்மணம்’ என்று சுருக்கினால், குடித்து வெகுநேரம் கழித்து நிற்கும் மணம் என்று படுகிறது. ‘உள்மூக்கு மணம்’ மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கிறது. இந்த ஒன்றுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள், பட்டியலை அதன் பிறகு பூட்டலாம்.

அன்புடன்