687 மீட்டர் என்று எழுதியவர் கணக்கைப் போட்டுக் காட்டட்டும்

கணக்கப்பிள்ளை:
எல்லைக்காவலன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 1991 பிப்ரவரி 25 இரவு, சவூதியின் தஹ்ரானில், அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்களே, அந்தக் கதை. வருகிற ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பேட்ரியாட் அமைப்பின் கணினிக் கடிகாரம் 100 மணி நேரத்தில் 0.3433 விநாடி பிசகிவிட்டது, "அதனால் ரேடார் 687 மீட்டர் தள்ளிப் பார்த்தது" என்கிறார். ஸ்கட்டின் வேகம் மணிக்கு 3750 மைல் என்றும் அதே பத்தியில் அவரே எழுதியிருக்கிறார். மணிக்கு 3750 மைல் என்றால் விநாடிக்கு 1676 மீட்டர். அதை 0.3433-ஆல் பெருக்கினால் 575. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. மீதி 112 மீட்டர் எங்கிருந்து வந்தது? வட்டியா?

எல்லைக்காவலன்:
வணக்கம் ஐயா. 687 என் சொந்தக் கற்பனை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992-ல் வெளியிட்ட அறிக்கையில் அட்டவணையே இருக்கிறது. 8 மணி நேரத்துக்கு 55 மீட்டர், 20 மணி நேரத்துக்கு 137, 100 மணி நேரத்துக்கு 687. அதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். நேற்று நான் சொல்ல வந்ததே வேறு. வான் பாதுகாப்பு என்பது ஒரு பீரங்கி அல்ல, ஒரு வலை. ஸ்கட் கிளம்பும்போதே அதன் சூட்டைச் செயற்கைக்கோள் கண்டது, எச்சரிக்கை கொலராடோ வழியாக வளைகுடாவுக்கு வந்தது, ரேடார் இருந்தது, பேட்ரியாட் இருந்தது. ஒரு கண்ணி அறுந்ததால் வலையே பொய் என்று சிலர் எழுதுவதைத்தான் மறுத்தேன். நீங்கள் அதையெல்லாம் தாண்டிக் குதித்து ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

கணக்கப்பிள்ளை:
அட்டவணையில் அச்சடித்துவிட்டால் இரண்டும் இரண்டும் ஐந்து ஆகிவிடாது. 55-ஐ, 8 மணி நேரப் பிசகான 0.0275 விநாடியால் வகுத்துப் பாருங்கள், 2000 வரும். 687-ஐ 0.3433-ஆல் வகுத்தாலும் 2000-தான். அட்டவணை போட்டவர் விநாடிக்கு 2000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறார். அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தில் 3750 மைல். ஒரே கடையில் இரண்டு படி வைத்து அளந்திருக்கிறார்கள். நான் ஒரு படியில் அளக்கிறேன். 575.

கடைசி பஸ்:
ஒரு சந்தேகம். தெஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் எப்படி வந்தார்கள்? அது ஈரான் அல்லவா?

எல்லைக்காவலன்:
தஹ்ரான். சவூதியின் கிழக்குக் கரை. முதல் எழுத்து 'த'.

வடகாற்று:
இருவரும் சற்று நில்லுங்கள். அன்று இரவு தஹ்ரானைக் காத்து நின்ற ஆல்ஃபா பேட்டரி, அதாவது ரேடாரும் ஏவுகணைகளும் கொண்ட படைப்பிரிவு, ஒரு பேட்ரியாட்டைக்கூட ஏவவில்லை. இன்னொரு பேட்டரி ரேடார் பழுதால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. எத்தனை மீட்டரில் தவறியது என்று கேட்பதற்கு அங்கே வானில் எதிர் ஏவுகணையே இல்லை. ரேடார் ஒரு பொருளைக் கண்டவுடன், அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று கணித்து, வானத்தின் அந்தத் துண்டை மட்டும் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லை என்றால், முதலில் கண்டது போலிச் சமிக்ஞை என்று தள்ளிவிடும். அன்று நடந்தது அதுதான். அந்தத் துண்டை விட்டு ஸ்கட் வெளியே போய்விட 20 மணி நேரப் பிசகே போதும் என்று அறிக்கையே சொல்கிறது. ஆல்ஃபா 100 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. 575 ஆனாலும் 687 ஆனாலும் ஸ்கட் கண்ணில் பட்டிருக்காது.

கணக்கப்பிள்ளை:
"எப்படியானாலும்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் கணக்கு எதற்கு, எண் எதற்கு, எழுத்தே எதற்கு? நீங்கள் சொன்ன 20 மணி நேரத்துக்கு அட்டவணை 137 என்கிறது. அதுவும் தவறு. 115. ஆகவே இரண்டு தவறுகள் ஆயின. நான் தொடங்கும்போது ஒன்றுதான் இருந்தது.

சொல்லாய்வன்:
"வானத்தின் துண்டு" என்று வடகாற்று எழுதுவது மிட்டாய்க் கடைத் தமிழாக இருக்கிறது. அதற்கு "தொலைவு வாயில்" என்று சொல்லலாம்.

எல்லைக்காவலன்:
நான் சென்ற மாதமே "தொலைவுச் சாளரம்" என்று எழுதினேன். யாரும் குறை சொல்லவில்லை.

சொல்லாய்வன்:
சாளரம் வழியாகப் பார்ப்பார்கள், வாயில் வழியாக வருவார்கள். ஸ்கட் வருகிறது. வாயில்.

எல்லைக்காவலன்:
ரேடார் பார்க்கிறது. சாளரம்.

கடைசி பஸ்:
நான் இருபது ஆண்டு நடத்துநராக இருந்தவன், ரேடார் எனக்குத் தெரியாது. ஆனால் கையில் மாட்டியிருந்த டிக்கெட் இயந்திரத்தைப் பற்றித் தெரியும். இரவு டிப்போவில் அணைக்காமல் அப்படியே மறுநாள் காலை ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் மதியத்துக்குள் நேரம் பின்தங்கிவிடும். ஒரு முறை பரிசோதகர் ஏறி, "இந்த டிக்கெட் எப்போது கிழித்தாய், பஸ் அப்போது இந்த ஊரிலேயே இல்லையே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மானம் போயிற்று. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பழைய டிரைவர்தான் சொல்லித் தந்தார், அதிகாரிகள் யாரும் சொல்லவில்லை. அந்த வீரர்களிடமும் ஒருவரும் சொல்லவில்லையா?

வடகாற்று:
நல்ல கேள்வி. சொன்னார்கள், ஆனால் சொன்ன விதம்தான் கொடுமை. பிப்ரவரி 11 அன்றே இஸ்ரேலிலிருந்து தகவல் வந்துவிட்டது: 8 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் ரேடார் பார்க்கும் வானத்துண்டு 20 சதவீதம் நகர்ந்துவிடுகிறது என்று. 16-ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயார். 21-ஆம் தேதி எல்லாப் பேட்டரிகளுக்கும் செய்தி போயிற்று: "மிக நீண்ட நேரம்" ஓட்டினால் சிக்கல் வரும் என்று. எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த நாள் 26. ஏவுகணை விழுந்த நாள் 25. அணைத்துப் போட ஒன்று, ஒன்றரை நிமிடம் போதும்.

கணக்கப்பிள்ளை:
டிக்கெட் இயந்திரக் கதை நன்றாக இருந்தது. ஆனால் அந்த இயந்திரம்கூட 575 ரூபாய் வசூலித்துவிட்டு 687 என்று அச்சடித்திருக்காது. எல்லைக்காவலன் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

எல்லைக்காவலன்:
தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு வயது 58.

கணக்கப்பிள்ளை:
எனக்கு 71. தம்பிதான்.

எல்லைக்காவலன்:
சரி, பதில் சொல்கிறேன். அன்று விழுந்தது சாதாரண ஸ்கட் அல்ல, அல் ஹுசைன். ஸ்கட்-பி 300 கிலோமீட்டர்தான் போகும். ஈராக் எரிபொருள் தொட்டியை நீட்டி, வெடிமுனையைக் குறைத்து, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் போகும்படி செய்தது. கூடுதல் தூரம் போகிற ஏவுகணை கூடுதல் வேகத்தில்தான் இறங்கும். இறங்கும்போது பல சமயம் நடுவானிலேயே துண்டு துண்டாகிவிடும், அது வேறு. அட்டவணை போட்டவர் 2000 என்று வைத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாமே?

கணக்கப்பிள்ளை:
"இருக்கலாமே"! கணக்கு வாத்தியாராக முப்பத்து மூன்று ஆண்டு இருந்தேன். விடைத்தாளில் "இருக்கலாமே" என்று எழுதிய ஒரு மாணவனுக்கும் நான் மதிப்பெண் போட்டதில்லை. வேகம் கூடுதல் என்றால் அந்த 3750 மைலை அடித்துத் திருத்த வேண்டியது யார்? நீங்கள்தானே இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினீர்கள்?

எல்லைக்காவலன்:
அடித்துத் திருத்துவதைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது ஐயா. சென்ற ஆண்டு செர்பிய விவாதத்தில், 1999 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை வீழ்த்தியது எஸ்-75 ஏவுகணை என்று எழுதினீர்கள். எஸ்-125 நேவா என்று நான்கு பேர் திருத்தினோம். இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பதிவு இன்னும் அப்படியே கிடக்கிறது.

கணக்கப்பிள்ளை:
அது கைப்பிழை. இது கணக்குப் பிழை. முன்னதை மன்னிக்கலாம்.

எல்லைக்காவலன்:
ஒரு முறை எழுதினால் கைப்பிழை. நீங்கள் மூன்று முறை எழுதினீர்கள்.

வடகாற்று:
எஃப்-117 பேச்சை விடுங்கள். தஹ்ரானில் உண்மையிலேயே நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது, அதை இருவரும் தொடவில்லை. அந்தக் கணினி விநாடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணியது. பத்தில் ஒன்று இரும எண்ணில் முடிவே இல்லாமல் நீளும். 24 இலக்கத்தோடு வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் 0.000000095 விநாடி போயிற்று. 100 மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கை. சரி, ஆனால் ஸ்கட்டைப் பின்தொடரத் தேவைப்படுவது இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் கழிக்கும்போது அது பெரும்பாலும் அடிபட்டுப் போக வேண்டும். ஏன் போகவில்லை? ஏனென்றால் நேரத்தைத் துல்லியமாக மாற்றும் புதிய நிரல் துணுக்கைச் சில இடங்களில் நுழைத்துவிட்டு மற்ற இடங்களில் பழையதை விட்டுவிட்டார்கள். ஒரு நேரம் சரி, ஒரு நேரம் பிழை. பாதி திருத்தியதால் வந்த வினை. ஒன்றுமே திருத்தாமல் விட்டிருந்தால் இவ்வளவு நகர்ந்திருக்காது.

கணக்கப்பிள்ளை:
அருமையான விளக்கம். ஒரு வரியிலும் தவறில்லை. 36 லட்சத்தை 0.000000095-ஆல் பெருக்கினால் 0.34 வருகிறது, பார்த்துவிட்டேன். அந்த 0.34-ஐ 1676-ஆல் பெருக்கினால் 687 வராது.

கடைசி பஸ்:
இறந்தவர்கள் யார் என்று தேடிப் படித்தேன். 28 பேரில் 13 பேர் பென்சில்வேனியாவில் கிரீன்ஸ்பர்க் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த ஒரே பிரிவினர். குடிநீர் சுத்திகரிக்க வந்தவர்கள். சவூதிக்கு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பிரிவில் மொத்தமே 69 பேர்.

சொல்லாய்வன்:
வருத்தமாக இருக்கிறது.

எல்லைக்காவலன்:
ஆம்.

கணக்கப்பிள்ளை:
நானும் வருந்துகிறேன். உண்மையாகவே வருந்துகிறேன். அதனால்தான் சொல்கிறேன், அவர்களின் சாவுக்கு எழுதப்பட்ட அறிக்கையிலாவது பெருக்கல் சரியாக இருந்திருக்க வேண்டும்.

எல்லைக்காவலன்:
சாவு வீட்டிலும் பந்திக் கணக்கைக் கேட்கிறவர் நீங்கள். அந்த வலை எத்தனை ஸ்கட்களை நிறுத்தியது என்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? 42-ல் 41 என்று அமெரிக்க அதிபரே அறிவித்தார்.

வடகாற்று:
அதைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். 42-ல் 41 என்று புஷ் சொன்னது பிப்ரவரி 15, பேட்ரியாட் செய்யும் ஆலையில் நின்றுகொண்டு, தொழிலாளர்கள் முன்னால். பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன் ஒரு தளபதி விளக்கம் சொன்னார்: "இடைமறித்தது" என்றால் பேட்ரியாட்டும் ஸ்கட்டும் வானில் ஒன்றின் பாதையில் ஒன்று குறுக்கிட்டன என்றுதான் பொருளாம். வெடிமுனையை அழித்ததற்கு வலுவான சான்று இருப்பது 9 சதவீத மோதல்களில்தான் என்று உங்கள் தணிக்கை அலுவலகம்தான் எழுதியது. முதலில் "இடைமறிப்பு" என்றால் என்ன என்று நீங்கள் இருவரும் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் எண்ணைப் பேசலாம்.

எல்லைக்காவலன்:
9 சதவீதம் என்றால் மீதி 91 சதவீதம் தோல்வி என்று பொருள் அல்ல. சான்று போதவில்லை என்று பொருள்.

வடகாற்று:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

எல்லைக்காவலன்:
நீங்கள் சொல்கிற தொனி அப்படி இல்லை.

சொல்லாய்வன்:
"இடைமறிப்பு" என்பதும் சரியில்லை. மறித்தல் என்றால் வழியை அடைப்பது. ஏவுகணையை யாரும் வழியடைப்பதில்லை, இடித்துத் தள்ளுகிறார்கள். "இடைத்தகர்ப்பு" எனலாம்.

கடைசி பஸ்:
பஸ் மறியலில் மறிப்பது மாதிரியா?

கணக்கப்பிள்ளை:
பார்த்தீர்களா? 41, 42, 9, 91 என்று ஆளுக்கு ஓர் எண்ணைச் சந்தையில் கூவுகிறீர்கள். அவற்றில் எதையும் நாம் வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது, வடகாற்றே ஒப்புக்கொள்கிறார். ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடிந்த ஒரே எண் 687. அதையும் பார்க்க விடமாட்டேன் என்கிறீர்கள்.

எல்லைக்காவலன்:
பதிவைத் திருத்த மாட்டேன். அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதை எழுதினேன். உங்களுக்குக் குறை இருந்தால் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதுங்கள்.

கணக்கப்பிள்ளை:
எழுதுவேன். அதற்கு முன் அட்டவணையின் மற்ற வரிகளையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன். 48 மணி நேரம்: 0.1648 விநாடி. அவர்கள் சொல்வது 330. சரியான விடை 276. 72 மணி நேரத்துக்கு இப்போது மின்சாரம் போய்விட்டது, தாள் தெரியவில்லை. வந்ததும் போடுகிறேன்.

சொல்லாய்வன்:
வாயிலா சாளரமா என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை:
மின்சாரம் வந்துவிட்டது. 414. அவர்கள் 494 என்கிறார்கள்.