வரி நாணல் பச்சையாக மாறுகிறதே, ஏன்?

ஆடியில் நர்சரியில் வாங்கிய வெள்ளை வரி நாணல், அருண்டோ டோனக்ஸ் என்று அட்டையில் எழுதியிருந்தது, வந்தபோது இலைக்கு இலை கோடு பளிச்சென்று இருந்தது. இப்போது நடுவில் மூன்று குருத்து சுத்தப் பச்சையாக, மற்றவற்றைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரம் காரணமில்லை சார். வெள்ளைப் பட்டையில் பச்சையம் கிடையாது, அதனால் முழுப் பச்சைக் குருத்துதான் வேகமாக வளரும், விட்டால் தூர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மண்ணைக் கிளறிக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள்.

பதில்: ஆமாம், நான் மேலே மட்டும் கத்தரித்து ஏமாந்தேன், பத்தே நாளில் திரும்ப வந்து நின்றது. கோடையில் பழைய இலையில் வரி மங்கும், அது வேறு, பயப்பட வேண்டாம்.

பதில்: தரையிலா வைத்திருக்கிறீர்கள்? கிழங்கு படர்ந்தபடியே போகும். இதன் பச்சை வகைதான் கலிபோர்னியாவில் ஆற்றங்கரைகளை அடைத்துக்கொண்டு பெரிய தலைவலியானது. தொட்டிதான் நல்லது.

கேட்டவர்: தொட்டிதான் அக்கா. காலையில் தோண்டினேன், இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கிறது, பச்சைக் குருத்து மூன்றும் ஒரே முடிச்சிலிருந்துதான்! அறுத்து எடுத்தாயிற்று. மீதியைப் பிரித்து இன்னொரு தொட்டியில் வைத்தால் வரி வருமா?

பதில்: வரி உள்ள குருத்தோடு பிரித்தால் வரும்.