ஸ்டூல் இருக்கு, உட்காரத்தான் ஆள் இல்ல

மூணாவது மாடி:
கடையில வேலை செய்யுறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு சொல்ற தமிழ்நாடு கடைகள் சட்டத்தோட 22-ஏ பிரிவு பத்தி இந்த குரூப்புல எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். ஆடித் தள்ளுபடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பட்டு செக்ஷன். ஆறு பேருக்கு மூணு பிளாஸ்டிக் ஸ்டூல். மூணு மேலயும் பிரிச்ச புடவை குவிஞ்சு கிடக்கு. ஒரு அக்கா வெறுங்காலை இன்னொரு கால் ஆடுதசையில அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே, "இந்த பார்டர் பாருங்கம்மா"ன்னு சிரிச்ச முகமா விரிச்சுக் காட்டுறாங்க. அந்தக் கால் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தப்பு ஸ்டூல்லயே இருக்கு. கவுண்டர் 90 செ.மீ. உயரம், ஸ்டூல் 45. உட்கார்ந்தா தலை மட்டும்தான் வெளிய தெரியும். வர்றவங்க ஆள் இல்லன்னு அடுத்த கவுண்டருக்குப் போயிடுவாங்க. 65 செ.மீ.க்குக் குறையாம, கால் வைக்கக் கம்பியோட வாங்கணும். கம்பி இல்லாட்டி கால் தொங்கித் தொடை மரத்துப்போகும்.

பில் கவுண்டர்:
உயரத்து மேல மட்டும் பழி போடாதீங்க. கம்பி வச்ச உயர ஸ்டூல் போட்ட கடையிலயும் யாரும் உட்காரல. வித்ததுக்குத் தர்ற இன்சென்டிவ், பில்லுல எந்த ஆளோட கோடு நம்பர் இருக்கோ அவங்களுக்குத்தான் போகுது. உட்கார்ந்தவங்களுக்கு கஸ்டமர் போச்சு, காசும் போச்சு. அந்த மாடி மேனேஜர் முதல்ல இன்சென்டிவை செக்ஷனுக்கு மொத்தமா மாத்தி, சமமாப் பிரிச்சாரு. அப்புறம் 4 மணிக்கும் 7 மணிக்கும், ரெண்டு ரெண்டு பேரா 15 நிமிஷம் உட்காரணும்னு வச்சாரு. அந்த நேரம் கவுண்டர்ல அவரே நின்னு புடவை காட்டுவாரு.

முதல் நாள் ஒருத்தரும் உட்காரல. முதலாளி ரவுண்ட்ஸ் வர்ற நேரமாப் பார்த்து, மேனேஜரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து புடவை மடிச்சாரு. முதலாளி பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல, போயிட்டாரு. மறுநாள்ல இருந்து பொண்ணுங்க உட்கார்ந்தாங்க.

ஈஎஸ்ஐ கார்டு:
எனக்கு உறுத்துறது தண்ணி. பாட்டில் நிறைய இருக்கும், மத்தியானம் வரை மூடி திறக்காது. பாத்ரூம் அஞ்சாவது மாடியில, போக சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கணும். சிறுநீர்த் தொற்று வராம என்ன செய்யும்? டோக்கனை எடுத்துட்டாலே பாதி சரியாகும்.

அப்படி உடம்பு முடியாமப் போனா கைகொடுக்கிறது ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் ஈஎஸ்ஐ உண்டு. சம்பளத்துல தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பாதியில சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியுற வரை பிடிக்கணும், நடுவுல நிறுத்தக்கூடாது. ஏப்ரல்–செப்டம்பர் கட்டினதுக்குப் பலன் அடுத்த ஜனவரி–ஜூன். கட்டின அரையாண்டுல 78 நாள் சந்தா இருந்தா, நோய் விடுப்புக்குச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துல 91 நாள் வரை கிடைக்கும். புதுசா சேர்ந்தவங்களுக்கு நாள் கணக்கு வேற. வேலையில அடிபட்டா இந்த நாள் கணக்கே கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்ல இருந்தே உண்டு.

சிக்கல் வர்ற இடம் ரெண்டு. வந்த நாளைக் குறைச்சு எழுதுனா 78 எட்டாது. அப்புறம் போன் நம்பர். ஆள் கூட்டிட்டு வந்தவர் நம்பரைக் கொடுத்திருந்தா, ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். சேர்ந்த வாரத்துலயே அவங்கவங்க நம்பரையும் வீட்டு ஆளுங்க பேரையும் ஈஎஸ்ஐ பதிவுல ஏத்திடணும்.

கோழிக்கோடு பஸ்:
மூணாவது மாடி, ஆறு பேருக்கு மூணு ஸ்டூல்ங்கிறதே குறைதான். சட்டம் எல்லாப் பணியாளருக்கும் இருக்கைன்னு சொல்லுது. பில் கவுண்டர், நல்ல மேனேஜருக்காகக் காத்திருந்தா ஆகாது. தொழிற்சாலையில நின்னு வேலை செய்யுறவங்களுக்கு உட்கார வசதி தரணும்னு தொழிற்சாலைச் சட்டத்துல 44-வது பிரிவு 1948-லயே வந்துடுச்சு. கடைக்கு அது வர, கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகள்ல வேலை செஞ்ச பெண்கள் வருஷக்கணக்கா போராட வேண்டியிருந்துச்சு. கேரளா 2018-ல கடைச் சட்டத்தைத் திருத்துச்சு, தமிழ்நாடு 2021-ல.

மூணாவது மாடி:
ஒத்துக்கிறேன். ஆனா ஆறு ஸ்டூல் போட்டா ஆறு மேலயும் புடவை ஏறும். சாயங்காலம் 5 மணிக்கு மேல மடிக்கத் தனியா ஒரு ஆள், பிரிச்சதைப் போட ஒரு சக்கரத் தள்ளுவண்டி. அது வந்தாத்தான் ஸ்டூல் காலியாகும்.