நாய்க்கு மூக்கில் ரத்தம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
எங்கள் மணி சிப்பிப்பாறை. ஆறு வயது முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்தடுத்துத் தும்மினான், வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சிவப்பாகத் தெறித்தது. வேலியில் எதையோ முகர்ந்து கிழித்துக்கொண்டான் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலம் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை தும்மலே இல்லை, சொட்டுச் சொட்டாக விழுந்தது. சாப்பாடு குறையவில்லை. கேட்டைத் திறந்தால் பழையபடி தெருக்கோடி வரை ஓடுகிறான். எனக்குப் பிடிபடாதது அதுதான். பெரிய நோய் என்றால் சுருண்டு படுக்க வேண்டாமா?

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணு, 38 ஆயிரம். நாய்க்கு 2 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாதாம். உண்ணி கடித்துத் தொற்றும் உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று டாக்டர் மருந்து ஆரம்பித்துவிட்டார். கிளம்பும்போது ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "இதில் நிற்கலைன்னா மூக்குக்குள்ளே கட்டி இருக்கான்னு ஸ்கேன் பார்த்துடலாம்மா" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. மூக்கு நீளமான நாய்களுக்குத்தான் மூக்குக்குள் புற்று அதிகம் வருகிறது என்று வீட்டுக்கு வந்து படித்தேன். சிப்பிப்பாறைக்கு முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ரத்தம் வழியும்போது அவன் பதறவே இல்லை. தானே நாக்கை நீட்டி நக்கிவிட்டு, நான் ஏன் அழுகிறேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி வந்திருந்தால், கடைசியில் என்னவாக இருந்தது என்று சொல்லுங்கள்.

உறையூர் லேப்:
அம்மா, முதலில் மணியைப் புரட்டிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள், அப்புறம் காது மடலின் உள்பக்கம். எங்கள் லேப்ரடாருக்கு மூக்கில் வருவதற்கு முன்னாலேயே அங்கே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. வேர்க்குரு மாதிரி இருந்தது. டாக்டர் விரலால் அழுத்திக் காட்டினார். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது வெளிறிவிடும், இது வெளிறவில்லை. தோலுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பிளேட்லெட் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

எங்களை உலுக்கியது மூக்கு இல்லை. மறுநாள் மலம் கன்னங்கரேல் என்று, பிசுபிசுப்பாகப் போனான். குடலே போய்விட்டது என்று என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். மூக்கில் வந்த ரத்தத்தை விழுங்கினாலும் அப்படிக் கறுப்பாகப் போகும், வயிற்றுக்குள் கசிந்தாலும் போகும், எது என்று பார்க்கணும் என்றார்கள். ஈறு வெளுக்காமல் இருந்தது, ஹீமோகுளோபினும் பெரிதாக இறங்கவில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுத்தோம். முதல் வாரத்திலேயே பிளேட்லெட் லட்சத்தைத் தாண்டியது. இப்போது நன்றாக இருக்கிறான்.

உண்ணியே இல்லையே என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். எங்களுக்கும் ஒரு உண்ணிகூடக் கண்ணில் படவில்லை. கடித்துப் பல மாதம், சில நாய்க்கு வருடக்கணக்கில்கூட, கிருமி உள்ளே சத்தமில்லாமல் கிடந்துவிட்டு அப்புறம்தான் கிளம்புமாம்.

தஞ்சை வைத்தியம்:
பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் சகோதரி. எங்கள் பொமரேனியனுக்குப் பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் மாத்திரையோடு சாறும் கொடுத்தோம், சடசடவென்று ஏறியது. கசப்பு என்பதால் தயிர் சாதத்தில் கலந்துவிடுவோம், மாத்திரையையும் அதிலேயே வைத்துக் கொடுத்துவிடலாம்.

ஈரோடு மேட்டுத்தெரு:
தஞ்சை அண்ணா கோபிக்கக் கூடாது. உங்கள் நாய் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அது மாத்திரையும் சாப்பிட்டது. ஏற்றியது சாறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உண்ணிக் காய்ச்சல் கிருமி வெள்ளை அணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொல்ல டாக்சிசைக்ளின் வேண்டும். இலைச் சாறு கிருமியைத் தொடாது. வெறும் வயிற்றில் அந்தக் கசப்பை ஊற்றி நாய் வாந்தி எடுத்தால் மாத்திரையும் கூடவே வெளியே வந்துவிடும். தயிர் சாதம் இன்னும் மோசம். தயிரில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பாலிலும் கொடுக்கக் கூடாது. வெறும் சோறு, வேகவைத்த கோழி, அதற்குள் வையுங்கள். மாத்திரை உள்ளே போனதும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும்.

எங்கள் கதை சின்னது. நாட்டு நாய், பெயர் செல்லி. இதே காய்ச்சல், இதே மாத்திரை, பிளேட்லெட்டும் ஏற ஆரம்பித்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் காலையில் செல்லி வேப்பமரத்தடியில் சிறுநீர் கழித்தாள். கடுங்காப்பி நிறம். ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். திரும்பவும் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தபோது பபேசியா என்ற கிருமி என்றார்கள். அதுவும் உண்ணியிலிருந்து வருவதுதான், ஆனால் அது சிவப்பணுவை உடைக்கும். டாக்சிசைக்ளினுக்கு அது அடங்காது, மருந்தே வேறு. ஒரே உண்ணி இரண்டையும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதனால் பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மணியின் ஈறையும் மூத்திரத்தையும் தினமும் பாருங்கள்.

தஞ்சை வைத்தியம்:
கோபம் இல்லை தம்பி. தயிர் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் சாறு கொடுக்கிறார்கள், ஒரு நாய்க்கும் கெடுதல் வந்ததில்லை.

வால்பாறை எஸ்டேட்:
ரத்தம் ஒரு மூக்குத்துளையிலா, இரண்டிலுமா? அதை யாரும் கேட்கவில்லையே.

எங்கள் நாய்க்கு இடது பக்கம் மட்டும்தான். மழைக்காலம் முடிந்த சமயம். நின்று நின்று வரும், தலையை உதறுவான், முன்னங்காலால் மூக்கைத் தேய்ப்பான். பிளேட்லெட் சரியாக இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. எங்களிடமும் கட்டி என்ற பேச்சுதான் வந்தது.

ஒரு மத்தியானம் வெயிலில் கட்டிப்போட்டிருந்தோம், தண்ணீர் வைக்கவில்லை. அப்புறம் குண்டானில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய் வைத்ததும் குனிந்து குடிக்க ஆரம்பித்தான். மூக்கு தண்ணீருக்குப் பக்கத்தில் போனபோது, உள்ளேயிருந்து கறுப்பாக, ஈரமாக ஒன்று மெல்ல நீண்டு தண்ணீரைத் தடவியது. என் மாமியார் அலறிவிட்டார். அட்டை! ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது குட்டியாக உள்ளே ஏறி, அங்கேயே ரத்தம் குடித்து விரல் பருமனாகியிருக்கிறது. கையை நீட்டுவதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டது. டாக்டரிடம் கொண்டுபோனபோது அவரும் அதே வழியைத்தான் செய்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, அப்புறம் கிண்ணத்தை நீட்டி, அது வெளியே வந்த நொடியில் இடுக்கியால் பிடித்து இழுத்தார். அன்றோடு ரத்தம் நின்றது. நாமே பிடித்து இழுத்தால் பாதி அறுந்து உள்ளே தங்கிவிடும், அதனால் டாக்டரே செய்யட்டும்.

மலைப்பக்கம் ஓடையில் விளையாடுகிற நாய் என்றால் இதையும் மனதில் வையுங்கள். மாட்டுக்கும் இப்படி ஏறும்.

மதுரைக்காரி:
இரண்டு பக்கமும்தான். முதலில் வலது பக்கம், இப்போது இரண்டிலும். மணி ஓடைப்பக்கமே போனதில்லை. வயிற்றைப் பார்த்தேன், புள்ளிகள் இருக்கின்றன, அழுத்தினால் மறையவில்லை. ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. தயிர் சாதத்தை நிறுத்திவிட்டேன்.

பொள்ளாச்சி தோப்பு:
எலி மருந்து? தோப்பு, குடோன், அரிசி மண்டி பக்கத்தில் இருக்கிற நாய்களுக்கு இதைக் கேட்காமல் விடக் கூடாது.

பக்கத்துக் கொப்பரைக் குடோனில் வைத்த மருந்தை எங்கள் பெண் நாய் எடுத்திருக்கிறது. தின்ற அன்று ஒன்றுமே தெரியாது, அதுதான் இதில் கொடுமை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தம் உறையும் சக்தி தீர்ந்துபோகும். சோதனைக்காக முன்னங்காலில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தேன். சாதாரணமாக ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். பஞ்சு நனைந்தது, மாற்றினோம், அதுவும் நனைந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "வீட்டுப் பக்கத்தில் எலிக்கு ஏதும் வைச்சாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், குடோன்காரரைப் போய்ப் பிடித்துப் பாக்கெட்டை வாங்கி வந்தோம், புரோமாடியோலோன் என்று போட்டிருந்தது. வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். புது ரக எலி மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், அதனால் நாய் தெளிவானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முடித்தபிறகும் உறையும் நேரத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள்.

தாம்பரம் மாடிவீடு:
எங்கள் நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்ததில்லை, காய்ச்சலும் நடை தளர்ச்சியும் மட்டும்தான், அதே உண்ணிக் காய்ச்சல். குணமாகி நாலைந்து மாதத்தில் மறுபடியும் வந்தது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லோரும் நாய்க்கு மருந்து கொடுக்கிறீர்கள், வீட்டுக்கு? நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி எல்லாம் சுவரில் இருக்கிறது. இந்தப் பழுப்பு உண்ணி குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ரத்தம் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கும். வயிறு பெருத்த பெண் உண்ணி சுவரேறி, வெடிப்பு, கதவு நிலை, கட்டில் சந்து என்று எங்காவது போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயே இல்லாத வீட்டில்கூடப் பல மாதம் பட்டினியாகக் காத்திருக்கும். அதனால் தரையைத் துடைத்தால் போதாது. வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கு, மிதியடி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். சுவரின் மேல்மூலை, படத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்து தெளிப்பதென்றால் நாயை வெளியே அனுப்பி, காய்ந்தபிறகு உள்ளே விடுங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள், முட்டை பொரிந்து வரும்போது மறுபடியும் அடிக்க வேண்டும்.

நாயின் மேல் இருப்பதை விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உண்ணிக்கு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாத்திரைகள் வந்துவிட்டன, நன்றாகக் கேட்கிறது. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பழைய அல்சேஷன், சென்னை:
மதுரைக்காரி அம்மா கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எங்கள் ராணிக்கு இருந்தது கட்டிதான். அதனால் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பதினோரு வயது. ஆரம்பத்தில் ரத்தமே இல்லை, ஒரு பக்கம் மட்டும் சளி. அந்தப் பக்கக் கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தூங்கும்போது குறட்டை வந்தது, அதற்கு முன்னால் அவள் குறட்டை விட்டதே இல்லை. பல வாரம் இப்படியே போய் அப்புறம்தான் ரத்தம், அதுவும் அந்த ஒரு பக்கம்தான். பிளேட்லெட் 3 லட்சத்துக்கு மேல். கண்ணுக்குக் கீழே எலும்பு லேசாக மேடிட்டது.

மேஜையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து டாக்டர் ராணியின் மூக்கருகே பிடித்தார். மூச்சு விட்டாள். இடது பக்கம் ஆவி படிந்தது. வலது பக்கம் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. திரும்பவும் பிடித்தார், அப்படியேதான். சி.டி. ஸ்கேன் எடுத்தோம், சதை எடுத்துச் சோதித்தோம், ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடியிலேயே தெரிந்துவிட்டது. கதிர்வீச்சு எங்களால் முடியவில்லை. வலிக்கு மருந்து கொடுத்து, அவளுக்குப் பிடித்த மீன் சோறு போட்டு, முடிந்தவரை கூடவே இருந்தோம்.

உங்கள் மணிக்கு இரண்டு பக்கமும் வருகிறது, பிளேட்லெட் இறங்கியிருக்கிறது, தோலில் புள்ளி இருக்கிறது. எங்கள் ராணிக்கு இதில் ஒன்றும் இல்லை. டாக்டர் ஸ்கேன் என்று சொன்னது எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. மருந்து வேலை செய்கிறதா என்று அடுத்த ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும், அதுவரை கண்டதையும் படிக்காதீர்கள் அம்மா.

உறையூர் லேப்:
அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று. உண்ணிக் காய்ச்சலுக்கு உடனே முடிவு காட்டும் கிட் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அது பார்ப்பது கிருமியை இல்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. எங்கள் நாய்க்குக் குணமாகி ஓடியாடிக்கொண்டிருக்கும்போதும் பாசிட்டிவ்தான் காட்டியது.

கம்பவுண்டர் மகள்:
அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர், அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ரத்தம் வரும் நேரத்தில் மூக்குக்குள் பஞ்சு திணிக்க வேண்டாம், தும்மித் தும்மி இன்னும் அதிகமாகும். துணியில் ஐஸ் கட்டி சுற்றி மூக்குத் தண்டின் மேல் வையுங்கள். மூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூட்டம் கூடி அழுதால் நாய் பதறும், பதறினால் ரத்த அழுத்தம் ஏறும். ஓட்டம், எலும்பு கடிப்பது, இழுத்து விளையாடுவது எல்லாம் பிளேட்லெட் ஏறும்வரை நிறுத்துங்கள், மணி ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும்தான். நாம் சாப்பிடும் வலி மாத்திரை எதுவும் கூடாது, புரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவை மோசமாக்கும். ஈறு வெளுத்தாலோ, நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

திருமங்கலம் ராஜபாளையம்:
அக்கா, நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒருவேளை ஹீமோகுளோபின் இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னால் தேடி அலைய வேண்டாம். எங்கள் ராஜபாளையத்துக்கு நான்கு வயது, 30 கிலோவுக்கு மேல் இருக்கிறான், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, உண்ணி மாத்திரையும் விடாமல் கொடுக்கிறோம். போன வருடம் ஒரு லேப்ரடாருக்கு ரத்தம் கொடுத்தான், கழுத்தில் ஊசி போட்டபோது பக்கவாட்டில் படுத்து அசையாமல் இருந்தான், முடிந்ததும் பிஸ்கட் கேட்டான். நாய்க்கு முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், இருந்தாலும் இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். எந்நேரமானாலும் தனிச்செய்தி அனுப்புங்கள், வண்டி இருக்கிறது, கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.