தையில் ஒரு நாள் பறவை பார்க்க, வேடந்தாங்கல் தவிர எங்கே?

மதுரைக்காரன்:
வருஷா வருஷம் வேடந்தாங்கல்தான். இந்த முறை திருநெல்வேலியில் ஒரு நாள் கிடைக்கிறது. அம்மாவும் வருகிறார், அதிகம் நடக்க முடியாது. எங்கே போகலாம்?

தாமிரபரணி:
கண்ணை மூடிக்கொண்டு கூந்தன்குளம் போங்க. ஊரை ஒட்டியே குளம். போன ஜனவரியில் ஆறரை மணிக்கெல்லாம் கரையில் நின்றேன். பனி விலக விலக வரித்தலை வாத்துகள் தெரிந்தன. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கருங்கோடு, மை தொட்டு இழுத்த மாதிரி. இமயமலையைத் தாண்டி வந்தவை நம்ம ஊர் வயலோரம் சாவகாசமாகப் புல் மேய்கின்றன! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தெருவுக்குள் வாங்க. வீட்டு வேப்பமரத்திலேயே சங்குவளை நாரை கூடு கட்டும். அம்மா திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது.

குளத்தங்கரை:
மழை பொய்த்த வருஷம் குளம் வறண்டுவிடும். தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து விஜயநாராயணம் பெரிய குளத்தையும் விடாதீர்கள்.

மதுரைக்காரன்:
திண்ணை என்றதுமே அம்மா தயார். ரொம்ப நன்றி அண்ணாச்சி.