அமிலக் கிணற்றை மூடத்தான் வேண்டுமா?

ஆவிக்காரன்: நிலத்தடி வெந்நீரையும் ஆவியையும் எடுக்கும் புவிவெப்பக் கிணற்றில் அமிலம் வந்தால் மின்சாரம் எடுக்கவே முடியாதாம், சிமெண்ட் ஊற்றி மூடுவதுதான் வழியாம், ஐஸ்லாந்தின் கிராப்ளா எரிமலைப் பகுதியில் மூடிய கிணறே சாட்சியாம். இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கோஸ்டா ரிகாவின் மிராவாயெஸ் புவிவெப்பப் புலத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே அமிலக் கிணற்று நீரைக் காஸ்டிக் சோடா என்ற காரத்தால் தணித்து மின்நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெல்லிய குழாயைக் கிணற்றின் ஆழத்துக்கு இறக்கி அங்கேயே சோடாவை விடுகிறார்கள். நீர் மேலேறும் வழியிலேயே அமிலம் அடங்கி, கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகு உறைக்குழாய் தப்பிக்கிறது.

துளைப்பான்: அந்த ‘ஒருவர்’ நான்தான். என் பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? மிராவாயெஸ் கதை இருக்கட்டும், கிராப்ளாவுக்குப் பதில் சொல்லுங்கள். 2009-இல் தோண்டியதை 2012-இல் மூடினார்கள். காரணம் அமிலம்.

ஆவிக்காரன்: வால்வு. கிணற்றுத் தலையில் இருந்த வால்வுகள் பழுதானதால் மூடினார்கள். சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பையே முட்டிய கிணறு அது. மேலே வந்த ஆவி 450 பாகை செல்சியஸ். அவ்வளவு சூட்டில் ஆவி காய்ந்திருக்கும், அதிலுள்ள ஹைட்ரஜன் குளோரைடு (நீரில் கரைந்தால்தான் அமிலமாகும் வாயு) எஃகைப் பெரிதாகத் தொடாது. ஆவி குளிர்ந்து முதல் துளி நீர் உருவாகும் இடத்தில்தான் அரிப்பு ஆரம்பிக்கும். ஆவியை நீரால் கழுவியும் சோதித்தார்கள், அமிலமும், குழாயில் படியும் கனிமமான சிலிக்காவும் நீங்கின. இதையெல்லாம் படிக்காமல் ‘அமிலம், அமிலம்’ என்றால்?

புதியவள்: பிஎச் குறையக் குறைய அமிலம் கூடும், சரி; எந்த பிஎச் அளவுக்குக் கீழே போனால் அமிலக் கிணறு என்கிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யலாமே.

துளைப்பான்: வால்வு சும்மா பழுதாகுமா? அமிலம்தான்! தைவானின் தாதுன் எரிமலைப் பகுதியில் நல்ல சூடு கிடைத்தும் அமிலத்துக்குப் பயந்து கைவிட்டார்களே, அங்கும் வால்வா?

ஆவிக்காரன்: தாதுனில் துளையிட்ட காலத்தில் இன்றைய உலோகக் கலவைகளும் அனுபவமும் எங்கே இருந்தன? பேச்சைத் திருப்பாதீர்கள். கிராப்ளாவில் பழுதானது வால்வு.

உப்புக்கணக்கு: இருவருமே சோடாவின் செலவைப் பேசவில்லை. வாழ்நாள் முழுக்க வாங்கி ஊற்ற வேண்டும். பிஎச் ஏறினால் சிலிக்கா படியும், மிராவாயெஸிலேயே அன்ஹைட்ரைட் (கால்சியம் சல்பேட்) படிந்து தொல்லை கொடுத்தது.

ஆவிக்காரன்: அதனால்தான் எஃகு தாங்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துகிறார்கள், முழு நடுநிலைக்குப் போவதில்லை. கலிபோர்னியாவின் சால்டன் சீ புலத்தில் சிலிக்கா படியாமலிருக்க உப்புநீரில் வேண்டுமென்றே அமிலம் சேர்க்கிறார்கள். எந்த அமிலத்தைப் பார்த்து இப்படி நடுங்குகிறீர்களோ, அதையே அங்கே வாங்கி ஊற்றுகிறார்கள்! செலவுக்கு வருகிறேன். தோண்டி முடித்த கிணற்றை வீணாக்கிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தோண்டும் செலவோடு வைத்துப் பாருங்கள், சோடா ஒரு பொருட்டே இல்லை. பல கோடியை மண்ணுக்குள் புதைத்துவிட்டுச் சிக்கனம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

துளைப்பான்: பெரிய பொறியாளர்! கலிபோர்னியாவின் கீசர்ஸ் புவிவெப்பப் புலத்து ஆவியில் அமிலம் தரும் குளோரைடே இல்லை என்று போன விவாதத்தில் சாதித்தவர்தானே நீங்கள்?

ஆவிக்காரன்: எல்லாக் கிணற்றிலும் இல்லை என்றேன். அதன் வடமேற்குப் பகுதியில் இருப்பதை நானேதான் எழுதினேன். பாதியை வெட்டி ஒட்டுவது உங்கள் பழக்கம்.

உப்புக்கணக்கு: என் கணக்குக்குப் பதில் வரவில்லை.

ஆவிக்காரன்: வந்துவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். துளைப்பான், கிராப்ளாவை அமிலத்தால் மூடினார்கள் என்று சொல்லும் அறிக்கை ஒன்றைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

துளைப்பான்: காட்டுகிறேன். அதற்கு முன் கீசர்ஸ் விவாதத்தில் நீங்கள் நீக்கிய பதிலைத் திரும்பப் போடுங்கள்.