தொடையில் டூர்னிக்கெட் கட்டிய இடத்தில் கொப்புளம் – அவசரம்

கூடலூர்_செவிலி: வணக்கம். நேற்று காலில் பிளேட் வைத்த நோயாளி. இன்று காலை பார்த்தால் தொடையில் பட்டையாகச் சிவந்து கொப்புளம் எழும்பியிருக்கிறது. அறுவையின்போது இரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டிய டூர்னிக்கெட்டின் கஃப் (காற்றடைக்கும் பட்டை) புதிதுதான். டாக்டர் ஊட்டிக்குப் போயிருக்கிறார். என்ன செய்வது?

மயக்கவியல்_மணி: எவ்வளவு அழுத்தம்? எத்தனை நிமிடம்? அடியில் என்ன சுற்றினீர்கள்? பாதத்தை மேல்நோக்கி மடக்குகிறாரா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். நரம்பு அடிபட்டிருந்தால் கொப்புளம் இரண்டாம் பட்சம்.

குன்னூர்க்காரன்: அழுத்தம்தான், சந்தேகமே வேண்டாம். காலுக்கு 300 மி.மீ. பாதரசம், கைக்கு 250 என்று மனப்பாடமாக ஏற்றுகிறார்கள். ஊட்டியில் காற்றழுத்தமே சுமார் 580தான். சமவெளிக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் தோல் தாங்குமா?

தியேட்டர்_மூத்தவர்: அம்மா, இது முதலாண்டுப் பாடம். டாக்டர் எஸ்மார்க்கின் ரப்பர் பட்டை 1873, டாக்டர் குஷிங்கின் காற்றடைத்த கஃப் 1904. இன்னும் பஞ்சு சுற்றத் தெரியவில்லை என்றால் என்ன சொல்ல? சுருக்கமில்லாமல் இரண்டு மடிப்பு ஸ்டாக்கினெட் (குழாய் போன்ற பின்னல் துணி), மேலே கஃப், 2 மணி நேரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். முடிந்தது.

கோத்தகிரி_ஆர்த்தோ: மூத்தவரே, தோலைத் துடைத்த மருந்து எங்கே வழிந்தது என்று முதலில் கேட்டிருக்கலாம். சிஸ்டர், சிவப்பு தொடையின் பின்பக்கம் அதிகமா? விளிம்பு கோடு கிழித்ததுபோல இருக்கிறதா? அப்படியென்றால் ரசாயனத் தீக்காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொவிடோன் அயோடினோ ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினோ கஃபுக்கு அடியில் கசிந்து பஞ்சில் ஊறினால் உலர வழியில்லை. ஈரமும் அழுத்தமும் சேர்ந்து தோலை அரித்துவிடும்.

குன்னூர்க்காரன்: அப்படியானால் மலை உயரத்துக்கு ஒரு பங்குமே இல்லையா?

மயக்கவியல்_மணி: இல்லை. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் மானி காட்டுகிறது. இரத்த அழுத்தமும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்து 250 தொட்டபெட்டாவிலும் 250தான். ஆனால் மனப்பாடம் தவறு என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். பாதத்தில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் கருவி) வைத்து, கஃபை மெதுவாக ஏற்றி, நாடி நிற்கும் அளவைப் பாருங்கள். 130 வரை என்றால் 40 கூட்டுங்கள், 190 வரை 60, அதற்குமேல் 80. அகலமான கஃபுக்கு இன்னும் குறைவாகவே போதும்.

குன்னூர்க்காரன்: திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாததற்கு மட்டும் உயரம் காரணமாம்!

மயக்கவியல்_மணி: அது நீர் கொதிக்கும் வெப்பநிலை, ஐயா. தொடை வேகவில்லை.

பந்தலூர்_லேப்: சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே பதிவானது. பணியர், இருளர், குறும்பர் என்றால் டூர்னிக்கெட்டுக்கு முன்பே சோதித்துவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து குழாயை அடைக்கும்.

கூடலூர்_செவிலி: 300. 80 நிமிடம். பாதம் அசைகிறது, உணர்ச்சியும் இருக்கிறது. சிவப்பு பின்பக்கம்தான். பஞ்சு பழுப்பாக, ஈரமாக இருந்ததாக ஆபரேஷன் தியேட்டர் அண்ணன் சொல்கிறார். பணியர் பெண். சிக்கிள் சோதனை கோப்பில் இல்லை, இப்போது அனுப்புகிறேன்.

கோத்தகிரி_ஆர்த்தோ: சலைனால் மெதுவாகக் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். டாக்டரை உடனே அழையுங்கள். தோல் வெளுத்தாலோ கறுத்தாலோ பிளாஸ்டிக் சர்ஜன் பார்க்க வேண்டும். இனிமேல் கஃபின் கீழ்விளிம்பை ஒட்டும் டிரேப்பால் (பிளாஸ்டிக் விரிப்பால்) அடைத்த பிறகே மருந்து தடவுங்கள். பஞ்சு நனைந்தால் மாற்றிய பிறகே காற்றேற்றலாம்.

தியேட்டர்_மூத்தவர்: பஞ்சு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பந்தலூர்_லேப்: ஈரப் பஞ்சு என்று சொல்லவில்லையே, சார்.

கூடலூர்_செவிலி: டாக்டர் கிளம்பிவிட்டார். நன்றி.